நடுவில் நான் வைத்த புள்ளி

இன்னாசி குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் அவருடைய பின்னந்தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சேக்காட்டில் அவர் வீட்டு முன்னறை. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வைத்து, அந்த இடைவெளியில் முகம் தரையைப் பார்க்கிற மாதிரி அவர் மனைவி ஸ்டெல்லா ஏற்பாடு செய்திருந்தாள். தரையில் அவருடைய கைபேசி, ஒரு டம்ளர் தண்ணீர், அதில் வளைகிற உறிஞ்சுகுழல். அறை முழுக்கச் சொட்டு மருந்தின் வாசனை.

வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. விழித்திரையின் நடுவில் ஓட்டை. அதை அடைக்க, கண்ணுக்குள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் முகம் கீழே பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரம் இப்படித்தான். சாப்பிடும்போதும் தலை நிமிரக் கூடாது.

"டீச்சரா? செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சுக்கினேன்" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி."

ஓட்டை மூடிக்கொண்டால் பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா நம்பிக்கையா சொல்லியிருப்பேன்" என்றும் சொல்லியிருந்தார். அந்த நாலு மாதம் எங்கே போனது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கைப்பையில் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சிவப்பு மை

இந்தத் தொடரைப் படிக்கிற திருநின்றவூர் வாசகி ஒருவர் போன வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "எல்லோருடைய தப்பையும் சுவாரஸ்யமாக எழுதுகிறீர்கள். நீங்கள் தப்பே செய்ததில்லையா அம்மா?" என்று கேட்டிருந்தார். சுருக்கென்றுதான் இருந்தது. கேட்டது நியாயம்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இயற்பியல் பாடம் நடத்துகிறவள் நான். திருத்துவது என் கையோடு ஒட்டிய நோய். ஷேர் ஆட்டோவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் பிழை இருந்தால் இறங்குவதற்குள் பேனாவை எடுத்துவிடுவேன். ஒருமுறை சக ஆசிரியை ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை அங்கேயே சிவப்பு மையில் திருத்தி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு என்னிடம் எதையும் நீட்டியதில்லை.

"உனக்கு வாயில நாக்கு இருக்கிற இடத்துல பேனா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் திரும்பிப் போகவில்லை

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு ஆவடிக்கு வந்து, சேக்காட்டில் இரண்டாவது மாடி வீட்டில் நிலைத்துவிட்டேன். நாற்பது வயது தாண்டியபின், ஒரு பித்து பிடித்து, எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். அதை வைத்துச் சுழற்றுகிற அடிப்பாகம் முதல் மாதத்திலேயே லடலடவென்று ஆடத் தொடங்கியது.

அடுத்த தெருவில் ஒரு லேத் மிஷின்காரர் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்தான் இன்னாசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் வேலை. அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு போய், அதன் நடுவே பொருத்த ஒரு பித்தளை வளையம் கடைந்து, தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"சரியா சுத்துதான்னு நானே பாத்துடறேன் டீச்சர்" என்று அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்கு வந்தவர், அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றதும் முதலில் திகைத்துப் போனார். "இன்னா டீச்சர், நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகீறேன்?" என்றார். எங்கள் ஊரில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம் என்று விளக்கினேன். மெல்ல அவருக்கே அது பிடித்துப்போனது.

மூன்றாவது ஆள் கார்த்திகேயன். எங்கள் குடியிருப்பிலேயே நான்காவது மாடி, கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. இவ்வளவுதான் எங்கள் கூட்டம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொசுவர்த்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, தெருவிளக்கின் வெளிச்சம் படாமல் இருக்கத் தலையில் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிவோம்.

பெயரில்தான் கோள்

நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த பொருள் ஒன்று உண்டு. வடக்கே, சிறகு விரித்த அன்னம் போன்ற மண்டலத்தில் இருக்கும் ஒரு கோள் நெபுலா. பாடப்புத்தகத்தில் ஒண்முகில் என்று போட்டிருக்கும். கோளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பழைய காலத்துத் தொலைநோக்கிகளில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர். பிறகு விஷயம் தெரிந்தும் யாரும் மாற்றவில்லை. எனக்கு அதிகாரம் இருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டு, மேலே போர்த்தியிருந்ததை எல்லாம் உதறி வெளியே விடுகிறது. மிஞ்சுவது நடுவில் ஒரு சின்னக் கரு, மிகச் சூடானது. அந்தக் கருவின் வெளிச்சம் பட்டுத்தான் சுற்றியிருக்கும் வாயு ஒளிர்கிறது. நடுவில் அந்த நட்சத்திரம் இல்லையென்றால் சுற்றியிருப்பது கண்ணுக்கே தெரியாது.

இதைச் சொன்னபோது இன்னாசி வெறும் கண்ணால் வடக்கே பார்த்தார். "போறப்பவும் சும்மா போவலியே டீச்சர்" என்றார்.

இந்த நெபுலாவுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. நடு நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் நட்சத்திரம் மட்டும் கூர்மையாக நிற்கும், சுற்றியுள்ள புகை மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினால் புகை திரும்ப வந்துவிடும். கண்ணின் நடுப்பகுதி நுணுக்கம் பார்ப்பதில் கெட்டி, மங்கலானதைப் பார்க்க அதற்குத் துப்பில்லை. மங்கலைப் பார்ப்பது ஓரப் பகுதியின் வேலை. அதனால் இந்த நெபுலா கண் சிமிட்டுகிறது என்பார்கள். உண்மையில் சிமிட்டுவது நம் கண்ணின் குணம்.

இன்னாசி இதை முதல் வருடம் பார்த்தபோது குழந்தை மாதிரி சிரித்தார். "நேரா பாத்தா நட்சத்திரம் கீது, புகை பூட்ச்சு. அப்பால பாத்தா புகை கீது! இன்னா டீச்சர் இது, கண்ணாமூச்சி ஆடுது!"

வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மறைவது புகைதான். நட்சத்திரம் மறையக் கூடாது.

டம்ளர் விளிம்பு வட்டங்கள்

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் நான்தான். பார்த்ததை வரைந்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு தடவை கார்த்திகேயன் முதலில் குனிந்து, "ஆஹா, நல்ல சிவப்புங்க மேடம்" என்றான். பிறகு பார்த்த எனக்கும் சிவப்பு, இன்னாசிக்கும் சிவப்பு. அது வெறும் வெள்ளை நட்சத்திரம். ஒருவர் சொன்னது அடுத்தவர் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது என்று அன்றைக்கே புரிந்துகொண்டு சட்டம் போட்டேன். நீள நோட்டில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ஆளுக்கொரு வட்டம் வரைந்து வைப்பேன். அவரவர் பார்த்ததை அந்த வட்டத்துக்குள் பென்சிலில் வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

இன்னாசி வரைவது பார்க்க அழகாக இருக்கும். லேத் பிடிக்கிற கை, பிசிறு இருக்காது. விரலில் பட்டறை எண்ணெய் ஒட்டியிருந்து பக்கத்தின் ஓரத்தில் ரேகை பதிந்துவிடும். அதற்காக அவரை நான் திட்டியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. ஏழரை மணி இருக்கும். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவி விட்டதாக இருந்தது. நெபுலாவை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு நான் விலகினேன். இன்னாசி கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, வழக்கம்போல் இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார்.

அப்புறம் உட்கார்ந்து வரைந்தார். வட்டத்துக்குள் மிக மென்மையாக, துடைத்தெடுத்த மாதிரி ஒரு புகை வளையம். நடுவில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

"நேரா பாத்தா எல்லாமே காணாம பூடுது டீச்சர்" என்றார்.

எல்லாமே என்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் முன்கூட்டியே தெரியுமே. "அதுதானே அதோட குணம் அண்ணாச்சி! போன வருஷமே சொன்னேனே" என்று சிரித்தேன்.

பிறகு அவர் வரைந்ததைப் பார்த்தேன். நடு நட்சத்திரத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நட்சத்திரமே இல்லாத கோள் நெபுலா எப்படி ஒளிரும்? தப்பான படம். என் கை பென்சிலை எடுத்தது. சரியான இடத்தில், அழுத்தமாக, ஒரு புள்ளி வைத்தேன்.

இன்னாசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் வானம் திறந்த மூன்று சனிக்கிழமைகளில் அதே நெபுலாவை மறுபடி வரைந்தோம். மூன்றிலும் அவர் வட்டத்தின் நடுவே புள்ளி கச்சிதமாக இருந்தது. "இப்பதான் சரியா பாக்குறீங்க" என்று நான் பாராட்டினேன். ஒரு படத்தின் கீழே 'நன்று' என்றுகூட எழுதினேன், பள்ளிக்கூட ஞாபகத்தில்.

மேஸ்திரியின் முகம்

பொங்கலுக்கு முன்னால் பட்டறையில் ஒருநாள் இரும்புத் துகள் தெறித்து அவருடைய இடது கண்ணில் விழுந்தது. பெரிய காயம் இல்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மேஸ்திரி நிக்கறாரு டீச்சர். சட்டை கீது, காது கீது, தலைமுடி கீது. மூஞ்சி மட்டும் இல்ல. பயந்துட்டேன்."

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். பஸ்ஸில் போகும்போதோ, மாதா கோயிலில் வாசகம் படிக்கும்போதோ அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. ஒற்றைக் கண்ணால் அவர் பார்த்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். என் மொட்டைமாடி.

கண் மருத்துவர் சோதித்துவிட்டு, ஓட்டை பெரிதாகிவிட்டது, பல மாதம் ஆகியிருக்கும் என்றார். "ஒரு கண்ணை மூடிப் பாத்தப்போ எப்பவாவது நடுவுல மறைச்சுதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று இன்னாசி சொல்லிவிட்டாராம். இதை ஸ்டெல்லா என்னிடம் சொன்ன அன்று, நான் வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன்.

முந்தைய வருடத்துப் படத்தில் அவர் வைத்த புள்ளி ஊசி முனை அளவு. இந்தத் தடவை நான் வைத்தது தடியாக, திமிராக இருந்தது. அடுத்தடுத்த மூன்று படங்களிலும் அவர் கை வைத்த புள்ளி, நான் வைத்ததைப் போலவே தடியாக இருந்தது. அதே அழுத்தம்.

இரண்டு நாள் பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். வீட்டில் காய்ச்சல் என்று சொன்னேன். பயம், வெட்கம் என்று இரண்டு வார்த்தை போட்டால் போதாது. ஒரு மனிதரின் கண் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது, நான் அதன் வாயை அடைத்துவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது இன்றைக்கும் போகவில்லை.

பின்னந்தலையோடு பேசியது

அந்த நோட்டைத்தான் கைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மழையைப் பற்றிய பேச்சு முடிந்து, கார்த்திகேயனின் புது வேலையைப் பற்றிய பேச்சும் முடிந்து, பேச ஒன்றும் மிஞ்சவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தால் அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். பின்னந்தலை என்பதால் வாய் திறந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க நட்சத்திரத்த வரையல. நான்தான் புள்ளி வச்சேன்."

"தெரியும் டீச்சர். பக்கத்துலதான உக்காந்துனு இருந்தேன்."

"உங்களுக்குத் தெரியுதான்னு நான் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். இந்தக் கண்ணு..."

அவர் தலையை அசைக்க முடியாமல் அப்படியே கிடந்தார். உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடித்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க வச்சதும் இன்னா நெனச்சேன்னா, அங்க நட்சத்திரம் கீது, நமக்குத்தான் பாக்கத் தெரில போலன்னு. நீங்க படிச்சவங்கோ. அடுத்த தபா நானே வச்சுட்டேன். அப்பவும் தெரிலதான். நீங்க நல்லா கீதுன்னீங்கோ. சரி, இப்படித்தான் வரையணும் போலன்னு நெனச்சுக்கினேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தபாவும்தான்."

வாசற்படியில் ஸ்டெல்லா காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. காப்பியை என் பக்கத்தில் வைத்தாள். "குடிங்க டீச்சர், ஆறிடும்" என்றாள். உட்காரவில்லை. சமையலறைக்குள் போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை. இப்போதும் என்னோடு பேசுகிறாள். முன்பு பேசியது போல் இல்லை. அதில் அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் லேசாகியிருக்கும். இன்னாசி ரொம்பச் சின்னக் குரலில் ஒன்று கேட்டார்.

"குமிழி கரைஞ்சதும் டாக்டரு போர்டைக் காட்டி தெரியுதான்னு கேப்பாரு டீச்சர். பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டு ஆப்ரேஷன் பண்ணிகீறாரு. தெரிலன்னா தெரிலன்னே சொல்லலாம்ல?"

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க."

இருட்டு அறை

குமிழி கரைய ஏழெட்டு வாரம் ஆனது. சோதனை நாளில் ஸ்டெல்லா அழைக்காமலே நானும் போனேன். என்னை வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

விளக்கை அணைத்தார்கள். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மருத்துவர் அவருடைய இடது கண்ணை மறைத்தார். இன்னாசி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பலகையை நேராகப் பார்த்தார். நான் சுவரோரம் நின்று என் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

"ஓட்டை நல்லா மூடியிருக்கு" என்றார் மருத்துவர். "நடுவுல பெரிய எழுத்து தெரியுதா பாருங்க. தெரியணுமே."

இன்னாசி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க. லேசாவாவது?"

இன்னாசியின் கை முழங்காலைப் பிடித்திருந்தது. என் பக்கமும் ஸ்டெல்லாவின் பக்கமும் அவர் திரும்பவில்லை.

"நல்லாத்தான் பாக்கறேன் சார்" என்றார். "தெரில."